வெள்ளைக் காடைகளின் ஐந்தாவது வாரம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. மாலையில் என் ஸ்கூட்டி சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்குள் திரும்பும் சத்தம் கேட்டதுமே அம்மா காபிக்குப் பாலை அடுப்பில் ஏற்றிவிடுவாள். அந்தக் காபி உள்ளே போகும் வரை வீட்டில் யாரும் என்னிடம் வாய் கொடுப்பதில்லை. முட்டை என்ற வார்த்தையைக்கூடச் சாப்பாட்டு நேரத்தில் அனுமதிக்காத அந்த வீட்டிலிருந்து நான் காடை முட்டையில் பிஎச்.டி. பண்ணக் கிளம்பியதும் ஒரு கோபத்தில்தான். "பொண்ணா பொறந்தவளுக்கு எதுக்கு இந்தக் கோழி, காடையெல்லாம்?" என்று என் பெரியப்பா ஒரு கல்யாணத்தில் நாலு பேர் எதிரில் கேட்டார். மறுவாரமே விண்ணப்பம் போட்டேன்.

வீராப்பாகப் போட்டாயிற்று, முடிக்கத்தான் முடியவில்லை. முதல் கைடு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். பிறகு கொரோனா வந்து ஷெட்டைப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு நடத்திய பரிசோதனையில் மே மாத வெக்கை தாங்காமல் பாதிப் பறவைகள் செத்துப்போயின. இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது முறை கிடையாது என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். மார்ச் முப்பத்தொன்றுக்குள் தீசிஸ் உள்ளே போகவில்லை என்றால் பதிவு ரத்து. ஆறு வருட உழைப்புக்கு என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சாது.

அதனால் கடைசிப் பரிசோதனையை மிகவும் எளிமையாக அமைத்தேன். மூன்று லைன் காடைகள்: பழுப்பு, கறுப்பு, வெள்ளை. லைன் என்றால் பெரிய விஷயமில்லை, ஒன்றோடொன்று கலக்காமல் பல தலைமுறைகளாகத் தனித்தனியாகப் பெருக்கிவந்த வம்சம், அவ்வளவுதான். ஒவ்வொரு லைனிலும் இரண்டு கூட்டம், கூட்டத்துக்கு நாற்பத்தெட்டுப் பெட்டைகள். ஒரு கூட்டத்துக்குச் சாதாத் தீவனம். இன்னொரு கூட்டத்துக்கு அதே தீவனத்தில் கிலோவுக்குப் பத்து கிராம் வெந்தயப் பொடி. வெந்தயம் சேர்த்தால் முட்டை கூடுமா, கூடினால் எல்லா லைனிலும் ஒரே மாதிரி கூடுமா என்பதுதான் கேள்வி. பதினான்கு வாரம், அக்டோபர் முதல் தேதி ஆரம்பம்.

மாடம்பாக்கம் தாண்டி அகரம்தென் போகிற சாலையில் எங்கள் ஆராய்ச்சிப் பண்ணை. காடை ஷெட்டைப் பார்த்துக்கொள்பவர் பேபி அக்கா. ஐம்பதை நெருங்கியவர், கோவிலம்பாக்கத்திலிருந்து தினமும் இரண்டு ஷேர் ஆட்டோ மாறி ஏழரைக்கெல்லாம் வந்துவிடுவார். பதினோரு வருடமாக இதே ஷெட். தீவனம் போடுவது, தண்ணீர் மாற்றுவது, எச்சத் தட்டுகளைக் கழுவுவது, முட்டை பொறுக்குவது எல்லாம் அவர்தான். கோழி காலையில் முட்டையிடும். காடை பெரும்பாலும் சாயங்காலம்தான். நாலு மணிக்குமேல் ஆரம்பித்து இருட்டும் வரை இட்டுக்கொண்டே இருக்கும். இட்டதையெல்லாம் மறுநாள் காலையில் பொறுக்கி, கூண்டுக்குக் கூண்டு எண்ணி, சுவரில் தொங்கும் அட்டையில் பென்சிலால் எழுதிவைப்பார். அவர் எழுதும் ஏழு, ஒன்று மாதிரி இருக்கும். அதற்கும் நான் ஒரு நாள் சண்டை போட்டிருக்கிறேன். அன்றிலிருந்து ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போட ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சுக்குப் போவார். அன்று மட்டும் ஷெட் வேலை என்னுடையது.

முதல் நாலு வாரமும் எல்லாம் நான் எதிர்பார்த்தபடியே நடந்தது. மூன்று லைனிலும் வெந்தயக் கூட்டம் முன்னால் நின்றது. வெள்ளை லைனை எடுத்துக்கொண்டால், வெந்தயக் கூட்டம் ஒரு நாளைக்கு முப்பத்தாறு முட்டை, சாதாக் கூட்டம் முப்பத்தொன்று. பழுப்பிலும் கறுப்பிலும் ஏறக்குறைய அதே இடைவெளி. ஐந்தாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. தாம்பரம் பக்கத்து நவம்பர் மழையைப் பற்றி இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முடிச்சூரில் படகு விட்டுக்கொண்டிருந்தார்கள், எங்கள் ஷெட்டில் கூரை ஷீட் ஓரிடத்தில் விரிசல் விட்டு, வெள்ளை சாதாக் கூட்டத்தின் கூண்டுமேல் நேராக ஒழுகியது.

அதுவரை ஒவ்வொரு லைனிலும் வெந்தயக் கூட்டம் ஒரு சுவரோரமும் சாதாக் கூட்டம் எதிர்ச் சுவரோரமும் இருந்தன. நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த வெள்ளைகளை எங்கே வைப்பது? எதிர்ப் பக்கத்தில், வெந்தயம் சாப்பிடும் வெள்ளைகளை ஒட்டி மட்டும்தான் இடம் இருந்தது. நானும் பேபி அக்காவும் கூண்டைத் தூக்கி அங்கே வைத்தோம். இரண்டு கூண்டுகளின் தீவனத் தொட்டிகளும் முனையோடு முனை ஒட்டிக்கொண்டன.

"இன்னாமா, ஒரே பந்தியா பூட்ச்சே" என்றார் பேபி அக்கா, புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே.

"ஆமாம்க்கா, மாத்திப் போட்டுடாதீங்க. சிவப்பு டப்பா இந்தக் கூண்டுக்கு, நீல டப்பா அந்தக் கூண்டுக்கு."

"பதினோரு வர்சமா டப்பா மாத்தாதவ இன்னிக்கு மாத்திடப் போறேனா?"

அவர் மாற்றவில்லை. அது கடைசி வரை உண்மை.

ஆனால் அந்த வாரத்திலிருந்து வெள்ளை சாதாக் கூட்டத்தின் முட்டை ஏற ஆரம்பித்தது. முப்பத்திரண்டு, முப்பத்து நாலு என்று ஏறி, எட்டாவது வாரத்தில் வெந்தயக் கூட்டத்துக்குச் சமமாக வந்து நின்றுவிட்டது. பழுப்பும் கறுப்பும் இருந்த இடத்திலேயே இருந்தன. நான் முதலில் பயந்தேன். தீவனம் கலந்துவிட்டதோ என்று இரண்டு டப்பாக்களையும் எடை போட்டேன். ஒரு கிராம் பிசகு இல்லை. பிறகு என் கைடு சூர்யநாராயணன் சாரிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நித்யா, இதுதான்மா உன் தீசிஸ்" என்றார். "வெள்ளை லைன் லேட்டா பிக்கப் ஆகுது. வெந்தயம் இல்லாமலே அந்த லெவலுக்கு வந்துடுது. மத்த ரெண்டுக்கும் வெந்தயம் வேணும், இதுக்கு வேண்டாம். லைனுக்கு லைன் சத்துத் தேவை மாறுதுன்னு நம்பர்ல காட்டியிருக்க. எல்லாரும் இதைத்தான் தேடிண்டு இருக்கா."

தலைகால் புரியவில்லை எனக்கு. ஆறு வருடத்தில் யாரும் என்னிடம் 'இதுதான் உன் தீசிஸ்' என்று சொன்னதில்லை. கூண்டை நகர்த்திய வாரமும் முட்டை ஏறிய வாரமும் ஒன்றுதான் என்பது அட்டையிலேயே பளிச்சென்று இருந்தது. பார்க்கத்தான் செய்தேன். ஈரத்திலிருந்து தப்பித்ததால் பறவைகள் தேறிவிட்டன என்று நானே ஒரு காரணமும் கற்பித்துக்கொண்டேன். பிடித்த பதில் கையில் இருக்கும்போது கேள்வியைக் கிளற யாருக்கு மனசு வரும்?

பொங்கல் முடிந்த வாரம் சினாப்சிஸ் கூட்டம், தீசிஸ் கொடுக்கும் முன் ஆய்வுச் சுருக்கத்தைக் கமிட்டி முன்னால் வைப்பது. கமிட்டியில் ஒருவரும் குறை சொல்லவில்லை. வெள்ளைக் காடை வளர்ப்போருக்கு 'வெந்தயம் தேவையில்லை' என்று ஒரு துண்டுப் பிரசுரம் போடலாம் என்றுகூட ஒருவர் யோசனை சொன்னார். வெளியே வந்ததும் கேம்ப் ரோட்டில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு நேராக ஷெட்டுக்குப் போனேன். பேபி அக்கா சாயங்காலத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். லேப்டாப்பைத் தீவன மூட்டைமேல் வைத்துத் திறந்து, "அக்கா, உங்களைப் பத்தி எழுதியிருக்கேன், கேளுங்க" என்று தீசிஸின் நன்றிப் பக்கத்தைத் தமிழில் சொன்னேன். "நான் சொன்னபடியே, ஒரு நாள்கூட ஒரு சிட்டிகை மாறாமல், ஆறு கூட்டங்களுக்கும் தீவனம் அளித்த திருமதி பேபி அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி."

அவர் கையில் எடுத்த மைசூர்பாகைத் திரும்ப டப்பாவிலேயே வைத்துவிட்டார்.

"மா, அத்த எடுத்துடு."

"எதைக்கா?"

"நீ சொன்னபடி குடுத்தேன்னு எழுதிக்கீறியே, அத்த. நான் சொன்னபடி குடுக்கல."

அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வெள்ளைக் கூண்டுகளைக் காட்டினார்.

"மழைல கூண்ட மாத்தி வெச்சோமே, அன்னிலேந்து. இந்தப் பக்கம் வெந்தயம் போட்டா அந்தப் பக்கத்துதுங்க கழுத்த நீட்டிகினு பாக்குதுங்க. ஒரே பந்தில குந்த வெச்சுட்டு ஒருத்தனுக்குப் போட்டு ஒருத்தனுக்கு இல்லன்னா எப்டிமா? எதிர் செவுத்தாண்ட இருந்த வரைக்கும் எனுக்கு ஒன்னும் தோணல. அது வேற வூடு. இது ஒரே பந்தி. கை வரல."

"வெந்தய டப்பாலேந்து எடுத்துப் போட்டீங்களா?"

"சே! உன் டப்பால நான் கை வெக்கல. வூட்டுலயே வெந்தயத்த மிக்ஸில அரச்சு எடுத்தாந்தேன். மூணு வெரலால ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு கிள்ளு, தீனிக்கு மேலால." சற்று நின்று, அதையும் விட்டுவிடக் கூடாது என்பதுபோல் சேர்த்துக்கொண்டார்: "ஞாயித்துக்கிழம நீ போட்றே. அன்னிக்கு அதுங்களுக்கு இல்ல. அதனால சனிக்கிழம மட்டும் ரெண்டு கிள்ளு."

"மத்த லைனுக்கு?"

"அதுங்க எதிரெதிரா கீதுங்க. அதுங்களுக்கு நீ சொன்ன மாதிரிதான். கர்த்தர் மேல சத்தியமா."

நான் என்ன பேசினேன் என்பதை முழுதாக எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. "அறிவிருக்கா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தேன். "என் ஆறு வருஷத்தை நாசம் பண்ணிட்டீங்க" என்றேன். "காடைக்கு என்ன பந்தி, உங்க வீட்டுக் கல்யாணமா இது?" என்றேன். அங்கே கிடந்த பிளாஸ்டிக் வாளியை எட்டி உதைத்தேன், அது போய் எச்சத் தட்டில் மோதி நின்றது. நாற்பத்தெட்டும் நாற்பத்தெட்டும் தொண்ணூற்றாறு வெள்ளைக் காடைகள் ஒரே நேரத்தில் கூண்டுக்குள் எகிறின. "அதுங்க பயந்துக்கும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேபி அக்கா வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் மூன்று முறை பச்சை விழுந்தும் வண்டிகள் நகரவில்லை. அங்கே நின்றுகொண்டிருக்கும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இது யாருக்குத் தெரியும்? எனக்கும் பேபி அக்காவுக்கும். அவர் யாரிடமும் போய்ச் சொல்லப் போவதில்லை. வருகிற திங்கட்கிழமை பறவைகளை வியாபாரிக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பறவைகள் போய்விட்டால் சரிபார்க்கவும் வழியில்லை. நன்றிப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை அடித்துவிட்டால் போதும். அவர் கேட்டதும் அவ்வளவுதானே?

சத்தியமாகச் சொல்கிறேன், ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சிட்லபாக்கம் ஏரிக்கரை வரை நான் அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். அன்று அம்மா கொடுத்த காபியைக் குடித்த பிறகும் கோபம் இறங்கவில்லை. யார் மேல் கோபம் என்றுதான் குழம்பிவிட்டது. பேபி அக்கா கேட்டது, தனக்குச் சேராத ஒரு நன்றியை எடுத்துவிடச் சொல்லி. அதற்காக வேலையே போனாலும் போகட்டும் என்று வாய் திறந்திருக்கிறார். எனக்குச் சேராத பட்டத்தை வாங்கிக்கொண்டு, ஊரில் வெள்ளைக் காடை வளர்க்கிறவர்களுக்கெல்லாம் வெந்தயம் வேண்டாம் என்று நான் பிரசுரம் கொடுக்கப் போகிறேன். படித்தவள் நான்தான். நினைக்க நினைக்க அசிங்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஷெட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் பேபி அக்கா வந்திருந்தார். எப்போதும் ஆணியில் மாட்டும் பையை அன்று மாட்டவில்லை, தோளிலேயே வைத்திருந்தார். வேலையை விட்டு அனுப்பத்தான் வருகிறேன் என்று நினைத்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்:

"மா, இன்னிக்கு அந்த வெள்ளைக்கு வெந்தயம் போடவா, நிறுத்திடவா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இன்னும் போட்டுக்கிட்டா இருக்கீங்க?"

"நேத்து காலைல வரைக்கும் போட்டேன். பறவ போற வரைக்கும் தீனிய மாத்தக் கூடாதுன்னு சார் சொல்லிக்கீறாரே."

நான் சிரித்துவிட்டேன். அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் பேபி அக்கா பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நேற்று வரை போட்டிருக்கிறார். ஆரம்பித்த நாள் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். முதல் நாலு வாரம் வெந்தயம் இல்லாமல் முப்பத்தொன்று. பிறகு வெந்தயத்தோடு முப்பத்தாறு. இன்று நிறுத்தினால்? முட்டை பழைய இடத்துக்கு இறங்கினால், அதே நாற்பத்தெட்டுப் பறவைகளும் இல்லாமல், இருந்து, மறுபடி இல்லாமல் என்று மூன்று முறை சாட்சி சொன்னது ஆகும். நான் திட்டம் போட்டுச் செய்திருந்தாலும் இதைவிட நல்ல சோதனை அமைந்திருக்காது. இறங்காவிட்டால், வெள்ளை லைன் தானாகத்தான் ஏறியது என்று மனசாட்சியோடு எழுதலாம். எப்படியானாலும் கையில் இருப்பது உண்மையாக இருக்கும்.

"நிறுத்துங்கக்கா. அந்தக் கூண்டுக்கு மட்டும். மத்த அஞ்சும் அப்படியே போகட்டும்."

அப்போதே சூர்யநாராயணன் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவர் முகம் சுருங்கியது. அழகான முடிவு ஒன்று கைவிட்டுப் போகிற வருத்தம் அவருக்கும் இருக்காதா? "உனக்குப் பத்து வாரம்கூட இல்லை, தெரியுமில்லையா?" என்றார். தெரியும் என்றேன். "இறங்கலைன்னா என்ன எழுதுவ?" என்றார். "இறங்கலைன்னு எழுதுவேன் சார்" என்றேன். அவர் வேறு எதுவும் கேட்காமல் பறவைகளை மேலும் ஐந்து வாரம் வைத்திருக்க அனுமதிக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை வந்த வியாபாரி வெறும் வண்டியோடு திரும்பிப் போனார். பேபி அக்கா நாலு நாள் கழித்துச் சொல்லியிருந்தால் சோதித்துப் பார்க்க ஒரு பறவைகூட மிஞ்சியிருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அந்த ஐந்து வாரம் அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இரண்டாவது நாளே இரண்டு கூண்டுக்கும் நடுவில் ஒரு கோணிப்பையைத் தொங்கவிட்டார். பறவைகள் ஒன்றையொன்று பார்க்கக் கூடாதாம்.

"அதுங்களுக்கு இல்லக்கா, உங்களுக்குத்தான் அந்தத் திரை" என்று கேலி செய்தேன்.

"இருக்கட்டுமே. எனுக்கும்தான் பேஜாரா கீது" என்றார்.

முதல் வாரம் முட்டை இறங்கவேயில்லை. முப்பத்தாறு, முப்பத்தைந்து, முப்பத்தாறு. நான் அட்டையை முறைத்துக்கொண்டே நிற்பேன். "நீ மொறைச்சா அது கொறையாது, போய் உன் வேலையப் பாரு" என்று விரட்டுவார். இரண்டாவது வாரம் முப்பத்து நாலு. மூன்றாவது வாரம் முப்பத்திரண்டு. நாலாவது வாரத்தில் முப்பத்தொன்றுக்கு வந்து நின்றது. கோணிப்பைக்கு அந்தப் பக்கம் வெந்தயம் சாப்பிட்ட வெள்ளைகள் முப்பத்தாறிலேயே இருந்ததால், வயதாகித்தான் இறங்கியது என்றும் யாரும் சொல்ல முடியாது. வெள்ளை லைனுக்கும் வெந்தயம் வேலை செய்கிறது. மூன்று லைனுக்கும் ஒரே பதில்தான். 'லைனுக்கு லைன் மாறுகிறது' என்ற என் அழகான கண்டுபிடிப்பு காலி.

முட்டை குறைந்ததற்காக ஸ்வீட் வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போன ஒரே ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். இந்த முறை பேபி அக்கா இரண்டு துண்டு மைசூர்பாகு சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு வெள்ளைக் கூண்டைப் பார்த்து, "பாவம், எளச்சிப் போச்சுங்க" என்றார். இளைக்கவெல்லாம் இல்லை, எடை போட்டுக் காட்டினேன். நம்பவில்லை.

மார்ச் இருபத்தேழாம் தேதி தீசிஸை உள்ளே கொடுத்தேன். நடந்தது எதையும் மறைக்கவில்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, யார், எவ்வளவு, எதனால் என்று முழுதாக எழுதினேன், சனிக்கிழமை இரண்டு கிள்ளு உட்பட. நன்றிப் பக்கத்தில் பழைய வரியை எடுத்துவிட்டு, 'நான் சொன்னபடி செய்யாததை என்னிடம் வந்து சொன்ன திருமதி பேபி அவர்களுக்கு' என்று போட்டேன்.

ஜூலையில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. பிஎச்.டி. வைவா எல்லாருக்கும் பொது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அம்மா வந்திருந்தாள். பேபி அக்காவையும் நானே வற்புறுத்திக் கூப்பிட்டிருந்தேன். அவர் சர்ச்சுக்குக் கட்டும் நீலப் புடவையில் வந்து கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்தார். வெளித் தேர்வாளர் பேராசிரியர் அப்பாதுரை, நாமக்கல்லிலிருந்து வந்திருந்தார். தீசிஸில் அங்கங்கே மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். முக்கால் மணி நேரம் கேள்விமேல் கேள்வி. எல்லாவற்றையும் சமாளித்துவிட்டேன். பிறகு கடைசி மஞ்சள் சீட்டைத் திறந்தார்.

"உங்க ஷெட்ல வேலை செய்யறவங்க ஒரு கூண்டுல தானா வெந்தயம் போட்டிருக்காங்க. நீங்களே எழுதியிருக்கீங்க. சரி. ஒரு இடத்துல கை வெச்சவங்க மத்த கூண்டுல வெக்கலைன்னு நான் எப்படி நம்பறது? மிச்ச அஞ்சு கூட்டத்து நம்பரும் அவங்க எழுதினதுதானே? இந்த தீசிஸையே நான் ஏன் ஏத்துக்கணும்?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். புள்ளியியலில் மூன்று ஸ்லைடு தயாராக வைத்திருந்தேன். தீவன எடை, வாரா வாரம் ஏற்ற இறக்கம், இரண்டு பக்கத்து ஒப்பீடு எல்லாம் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வந்தது. இந்த முறை வர வேண்டிய இடத்தில் வந்த கோபம். ஸ்லைடை மாற்றும் கருவியை மேஜைமேல் வைத்துவிட்டேன்.

"சார், இந்தத் தப்பை நான் கண்டுபிடிக்கலை. எடை போட்டுப் பார்த்தும் எனக்குத் தெரியலை. என் கைடுக்குத் தெரியலை. சினாப்சிஸ் கமிட்டியில அஞ்சு பேர் இருந்தாங்க, அவங்களுக்கும் தெரியலை. மன்னிக்கணும் சார், அப்படியே வந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. பாஸ் போட்டிருப்பீங்க. தெரிஞ்சது ஒரே ஒருத்தருக்கு. அவங்க வாயைத் திறக்கலைன்னா அவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. திறந்தா வேலை போயிடும்னு நினைச்சுக்கிட்டுத்தான் திறந்தாங்க. இந்த தீசிஸ்ல என் கணக்கை நீங்க சந்தேகப்படலாம் சார், நான் ஆசையில கண்ணை மூடிக்கிட்டவ. அவங்க எழுதின நம்பரை மட்டும் சந்தேகப்படாதீங்க."

அப்பாதுரை சார் கண்ணாடிக்கு மேலாகக் கடைசி வரிசையைப் பார்த்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தன்னைத்தான் ஏதோ விசாரிக்கிறார்கள் என்று பேபி அக்கா எழுந்து நின்றுவிட்டிருந்தார், இரண்டு கையாலும் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு.

"நீங்க உக்காருங்கம்மா" என்றார் அப்பாதுரை சார். அந்த மஞ்சள் சீட்டைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எனக்கு வேற கேள்வி இல்லை" என்று சூர்யநாராயணன் சாரிடம் சொன்னார்.

கால் மணி நேரம் எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். வராந்தாவில் சமோசாத் தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். கதவு திறந்து சூர்யநாராயணன் சார் வெளியே வந்து, எல்லார் முன்னாலும் "டாக்டர் நித்யஸ்ரீ, உள்ள வாம்மா" என்று கூப்பிட்டார். அம்மா அழ ஆரம்பித்தாள். நான் உள்ளே போகாமல் பேபி அக்காவிடம் போனேன்.

"இன்னாமா, பாஸா?"

"பாஸ்க்கா."

"அப்ப உள்ள போ. கூப்புட்றாரு பாரு."

"போறேன். அன்னிக்கு உங்களை அப்படிப் பேசினேன், வாளியை உதைச்சேன். அதுக்கு நான் இன்னும் மன்னிப்பே கேக்கலை. மன்னிச்சுடுங்க. இது உங்களால கிடைச்சதுக்கா."

"நல்லா சொன்னே. என்னாலதான் ரெண்டு மாசம் லேட்டு உனுக்கு" என்றார் பேபி அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"ரெண்டு மாசம்தானேக்கா" என்றேன். "அன்னிக்கே வாங்கியிருந்தா நான் சாகற வரைக்கும் பொய் டாக்டர்." அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வெந்தய வாசனை அடிக்கிறதா என்று பார்த்தேன், சோப்பு வாசனைதான் அடித்தது. பிறகு அவரையும் கையோடு உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.